முக்கிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்ட வக்கீலும், பிறகு நாங்கள் பட்ட பாடும்

தம்பி மேல் 307, கொலை முயற்சி வழக்கு. ஆயுள் தண்டனை வரை போகக்கூடியது. நேரில் பார்த்ததாகச் சொன்ன சாட்சி கூண்டேறிய அன்று எங்கள் வக்கீல் வரவில்லை. அவருடைய ஜூனியர் வழக்குக் காகிதக் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை. சாட்சியத்தின் அடியில் 'குறுக்கு விசாரணை இல்லை' என்று பதிவாகிவிட்டது. அதை நகலில் படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வக்கீலை மாற்றப் போனோம். "பாக்கி பீஸைக் கட்டிட்டு கட்டை எடுத்துக்கோங்க" என்றார் குமாஸ்தா. ஆட்சேபனை இல்லை என்ற கையெழுத்தும் தரவில்லை. தெரிந்துகொள்ளுங்கள்: பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. கையெழுத்து கிடைக்காவிட்டால் நீதிமன்ற அனுமதி பெற்றுப் புது வக்காலத்து (நமக்காக வாதாட வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) போடலாம். நாங்கள் அப்படித்தான் போட்டோம்.

இலவச சட்ட உதவி கேட்ட இடத்தில், "வருமானச் சான்று இல்லாம வந்தா எப்படிம்மா?" என்று திருப்பி அனுப்பினார்கள். தாலுகா ஆபீஸுக்கு வீண் அலைச்சல். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. சிறையிலிருந்தே மனு எழுதிக் கொடுக்கலாம். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்ட பிறகுதான் மனுவை வாங்கினார்கள்.

ஆயுள் தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் சட்ட உதவி வக்கீலுக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் வேண்டும், தயாராக 7 நாளாவது கொடுக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மா முதலில் சிறைக்குப் போய்த் தம்பியிடம் பேசினார். அப்புறம் போலீஸ் வாக்குமூலத்தையும் கோர்ட் சாட்சியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னிடம் காட்டினார். போலீஸிடம் 'சத்தம் கேட்டு ஓடி வந்தேன்' என்றவர், கூண்டில் 'வெட்டியதைப் பார்த்தேன்' என்றிருக்கிறார்!

சாட்சியைத் திரும்ப அழைக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 311-ஆவது பிரிவில் மனு போட்டார் (அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் இது 348). தாமதம் என்று பி.பி. (அரசு வக்கீல்) எதிர்த்தார். நீதிபதி அனுமதித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குறுக்கு விசாரணையில் சாட்சி, போலீஸிடம் 'சத்தம் கேட்டு ஓடி வந்தேன்' என்று சொல்லவே இல்லை என்றார். சாட்சியிடம் கேட்டது மட்டும் போதாதாம், அவர் அப்படிச் சொன்னதை வாக்குமூலம் எழுதிய இன்ஸ்பெக்டர் வாயிலாகவும் நிரூபிக்க வேண்டுமாம். இன்ஸ்பெக்டருடைய சாட்சியம் அடுத்த வாய்தாவில். அதற்கான கேள்விகளை அந்த அம்மா இப்போதே எழுதி வைத்துவிட்டார்.