கரியக்கூ: படகே வீடானவர்கள்

கரீபியன் தீவான கரியக்கூவுக்குப் போய்வந்தோம். முதலில் வழியில் அகப்பட்ட டாக்சிக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. கிரெனடா விமான நிலையத்திலிருந்து சென் ஜோர்ஜ்ஸ் துறைமுகம் ஒன்றும் பெரிய தூரமில்லை. "நாற்பது" என்றார், ஏறினோம். இறங்கும்போது பார்த்தால் நாற்பது அமெரிக்க டொலராம்! அங்கே புழங்குவது கிழக்குக் கரீபியன் டொலர். ஒரு அமெரிக்க டொலருக்கு 2.70 என்பது 1976இலிருந்து மாறாத கணக்கு. ஒரே வாய்ச்சொல்லில் கட்டணம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. என்னோடு வந்த தம்பி விடாமல் வாதாடினான். கரியக்கூக் கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் கொடுத்துத் தொலைத்தோம். இது அப்பட்டமான பகல்கொள்ளை. கிரெனடாவில் யார் விலை சொன்னாலும் எந்த டொலர் என்று வாயால் சொல்லவைத்த பிறகு ஏறுங்கள்.

செலவு, போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று ஒழுங்காக எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். முயன்று பார்க்கிறேன். ஆனால் என் மனம் முழுக்க கரியக்கூவின் டிரெல் பே என்ற குடாவில் சந்தித்த படகுக்காரர்களிடம்தான் நிற்கிறது.

நாங்கள் போனதற்குக் காரணம் என்னோடு ரொறன்ரோவில் வேலை செய்யும் தோழி. அவள் கரியக்கூக்காரி. கிரெனடா நாட்டைச் சேர்ந்த, அதற்கு வடக்கே உள்ள சின்னத் தீவு அது. "அம்மா தனியத்தான் இருக்கிறா, போனால் தங்க இடம் தருவா" என்றாள். தை மாத ஹோட்டல் விலைக்கு எங்களால் கரீபியன் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. அவளுடைய அம்மா, எங்களுக்கு அன்ரி, அவவின் வீட்டு முன்னறை கிடைத்ததால்தான் இந்தப் பயணமே நடந்தது.

கப்பல் கிரெனடாவின் மேற்குக் கரையோரமாகப் போகும்வரை ஆட்டமே இல்லை. தீவின் மறைவு முடிந்ததும் கிழக்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கியது. அந்தப் பகுதியில் கடலுக்கடியில் கிக் எம் ஜெனி என்று ஓர் எரிமலை இருக்கிறது. 1939இல் வெடித்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே வெளியுலகுக்குத் தெரிந்ததாம். அதன் தலைக்கு மேலே கப்பல் போகக்கூடாது என்று தடைவட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அன்று எரிமலையைப் பற்றிய பயம் வரவில்லை, வயிற்றைப் பற்றிய பயம்தான். பணியாளர் பிளாஸ்டிக் பைகளை நீட்டிக்கொண்டே வந்தார். பின்பக்கம், கீழ்த்தட்டு, நடு இருக்கை: இதை மட்டும் மறக்காதீர்கள்.

கரியக்கூவில் மினிபஸ்தான் எல்லாம். பாட்டுச் சத்தத்தில் காது அடைக்கும், வளைவுகளில் உயிர் போய்வரும். இறங்குவதற்குத் தகரத்தில் தட்ட வேண்டும். ஆனால் விலை மலிவு, எல்லோருக்கும் ஒரே விலை. டாக்சி பிடிக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2024 ஜூலை 1, காலை 11 மணியளவில் பெரில் புயல் கரியக்கூவில் கரையேறியது. நான்காம் வகைப் புயல், காற்றின் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேல். ஜூன் மாதத்திலேயே அந்தப் பலத்தை எட்டிய புயல் அதற்கு முன் அட்லாண்டிக்கில் பதிவானதே இல்லை. அரை மணித்தியாலத்தில் கரியக்கூ தரைமட்டமானது என்று பிரதமர் டிக்கன் மிற்செல் சொன்னார். இப்போது பல வீடுகளுக்குப் புதுக்கூரை வந்துவிட்டது. ஆனாலும் தெருவில் நடந்தால் நீலத் தறப்பாள் கண்ணில் படாமல் இருக்காது. இலங்கைப் போரில் 1995இல் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே மழைக்காலம் கழித்தவர்கள் நாங்கள். அதைப் பார்த்ததும் தம்பி ஒன்றும் கதைக்கவில்லை. அவன் அப்போது கைக்குழந்தை, அம்மா சொல்லக் கேட்டதுதான் அவனுக்குத் தெரியும்.

டிரெல் பே என்பது தீவின் தென்மேற்கிலுள்ள குடா. அதன் ஒரு பக்கத்தில் உள்ளே புகுந்து போகும் கண்டல் காடு இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதி, சாதாரண நாளில் படகை உள்ளே கட்ட முடியாது. புயல் வந்தால் மட்டும் அனுமதி. பாய்ப் படகிலேயே குடியிருக்கும் ஆட்கள் எத்தனையோ வருடமாக நம்பியிருந்த ஒளிவிடம் இதுதான். புயல்காலத்துக்குக் கிரெனடாப் பக்கம் இறங்கிவிட்டால் பெரிய ஆபத்தில்லை என்பது அவர்களுடைய கணக்கு. 2004இல் ஐவனும் 2005இல் எமிலியும் அந்தக் கணக்கைக் கலைத்தன. இருந்தும் வடக்குத் தீவுகளோடு பார்த்தால் இங்கே அடி குறைவு, பல காப்புறுதி நிறுவனங்களும் தெற்கே போகச் சொல்லித்தான் ஒப்பந்தம் போடுகின்றன. அதனால் பெரில் வந்தபோதும் கண்டலுக்குள் படகுகள் நெருக்கியடித்து நின்றன.

அன்ரி வீட்டில் புயலன்று அடைக்கலம் புகுந்த கியூபெக் தம்பதியை அடுத்த நாளே சந்தித்தோம். அறுபது தாண்டியவர்கள். கணவருக்கு இருதய நோய் வந்து வேலை போன பிறகு வீட்டை விற்று, பழைய பைபர் படகொன்றை வாங்கி அதிலேயே குடியேறியவர்கள். பாய்ப் படகு என்றதும் வெள்ளை உடுப்பு, வைன் கிண்ணம், பணக்காரர் என்று நினைக்கிற ஆட்கள் நம்மிடையே நிறைய. மகா தவறு. டிரெல் பேயில் நான் கண்ட பெரும்பாலானவர்களுக்கு அந்தப் படகைத் தவிர உலகில் வேறு கூரை கிடையாது. படகு பழசு என்று காப்புறுதி கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் பெயர் வைத்த புயலுக்குச் செல்லாது என்று ஒரு வரி இருக்கும்.

அந்தக் கியூபெக் அம்மா படகை எப்படிக் கட்டினார்கள் என்று மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டினா. முன்பக்கத்திலிருந்து கண்டல் வேர்களுக்குப் பல கயிறுகள், பின்னால் இரண்டு நங்கூரம், இரண்டு பக்கமும் அடுத்தவன் படகு. முதல் பாதிக் காற்றுக்கு எல்லாம் தாங்கியது. அப்புறம் புயலின் கண் தீவுக்கு மேலே வந்தது. காற்று நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப் பக்கத்திலிருந்து அடித்தது. கட்டிய கயிறெல்லாம் மற்றப் பக்கத்துக் காற்றுக்கு. ஒரு படகு அறுத்துக்கொண்டு வந்தால் அது அடுத்ததை இடிக்கும், அது அடுத்ததை. அவர்கள் அப்போது அன்ரி வீட்டுக் குளியலறையில். கூரை போய்விட்டது, ஆறு பேர் ஒரு மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். "எங்கட படகு போகட்டும், இந்தச் சுவர் நிற்கட்டும் என்றுதான் கும்பிட்டேன்" என்றா அந்த அம்மா. சுவர் நின்றது.

படகுகளைக் கரையேற்றித் திருத்தும் முற்றத்தில் நான் அதிக நேரம் செலவழித்தேன். பிரான்சின் பிரித்தானிக் கரையைச் சேர்ந்த ஒரு பெண். வயது நாற்பதுக்குள். துணைவரைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவள், படகை இருவருமாக வாங்கியிருந்தார்கள். படகின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலால் ஓட்டையைச் சுற்றித் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தாள். நல்ல இடத்தில் "டக்" என்று கணீரென்று கேட்டது. உள்ளே பைபர் அடுக்குப் பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போய் வந்தது. அங்கே பென்சிலால் வட்டம். எனக்கும் தட்டத் தந்தாள், வித்தியாசம் நன்றாகவே கேட்டது. செத்த இடம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். சுவர் ஒரு அங்குலத் தடிப்பென்றால் சரிவு பன்னிரண்டு அங்குல நீளம் போக வேண்டும். அப்புறம் கண்ணாடி நார்த்துணியை வட்டம் வட்டமாக வெட்டி, ரெசின் என்ற இறுகும் பசையை ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். தூசு தோலில் பட்டால் இரவு முழுக்க அரிப்பு. அந்த வெயிலில் முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை. நானென்றால் ஒரு கிழமையில் ஓடிவந்திருப்பேன்.

"எப்ப முடியும்?" என்று கேட்டேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். முற்றத்திலுள்ள படகுகளின் பெயர் வரிசையாக எழுதியிருந்தது. யாருக்குப் படுக்க வேறு இடமே இல்லையோ அவருடைய படகுக்கு முதலிடம். ஊரில் மகனோ மகளோ இருந்து விமானச் சீட்டெடுக்கக்கூடியவர்கள் கடைசியில். எல்லோரும் சேர்ந்து ஒரு படகை முடித்துக் கடலில் இறக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார்கள். வெல்டிங் தெரிந்தவர் எல்லோருக்கும் வெல்டிங், பாய் தைக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் பாய். இவளுடைய படகு வரிசையில் நடுவில் இருந்தது. தன் ஓட்டையைத் தட்டிப் பார்க்க அவளுக்குக் கிடைத்தது சாப்பாட்டு நேரம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கியூபெக் தம்பதியின் படகில் நின்றாள். தைரியம், நம்பிக்கை என்று நாங்கள் வாயால் சொல்கிற சாமானை அந்தத் தாளில் எழுத்தாகவே பார்த்தேன்.

எல்லோரும் விட்டுப்போகாமல் நின்றார்கள் என்றும் எழுத மாட்டேன். ஒரு ஆங்கிலேயர் விட்டுவிட்டுப் போகத் தீர்மானித்திருந்தார். படகு எழும்பாது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. மிஞ்சிய பாயையும் கயிறிழுக்கும் வின்ச்சுகளையும் நிலத்தில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரை ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. காசு சேர்த்து நியாய விலைக்கே வாங்கினார்கள். அந்தப் பாய் இன்னொரு படகுக்கு அளவாக வெட்டப்பட்டதையும் பார்த்தேன்.

புயல் முடிந்த கையோடு கிரெனடாப் பெருந்தீவின் தெற்கிலிருந்த பாய்ப் படகுகள் தண்ணீர், தறப்பாள், மரம் அறுக்கும் வாள் எல்லாம் ஏற்றிக்கொண்டு இங்கே ஓடிவந்திருக்கின்றன. சூரியத் தகடும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரமும் படகுக்காரர்களிடம் இருந்தன. ஊராரிடம் கை வேலை இருந்தது. அன்ரியின் புதுக்கூரையில் அந்தக் கியூபெக் மனிதர் அடித்த ஆணிகள் இருக்கின்றன.

ஊராரின் கை வேலை என்றால் சும்மா இல்லை. தீவின் வடகிழக்கே விண்ட்வர்ட் என்ற ஊரில் வரைபடமில்லாமல், கண்ணளவில், கடற்கரையிலேயே மரப்படகு கட்டுகிறார்கள். கரியக்கூ, பெட்டி மார்ட்டினிக் தீவுகளின் மரப்படகுக் கலையை 2023இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைப் பேத்தியான எனக்கு அங்கே நிற்கும்போது அன்னபூரணி ஞாபகம் வராமல் இருக்குமா? எங்கள் ஊரில் கட்டி, அமெரிக்கர் ஒருவர் வாங்கி, எங்கள் ஊராரே ஓட்டிப்போய் 1938இல் மசாசூசெட்ஸின் குளொஸ்டர் துறையில் சேர்த்த பாய்க்கப்பல். ஒரு கிழவருக்கு அதை விவரித்தேன். "என்ன மரம்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வேம்பு என்றேன். தலையாட்டினார்.

சாப்பாடு! ஞாயிற்றுக்கிழமை அன்ரி படகு முற்றத்தில் பெரிய அண்டாவில் ஒயில் டவுண் சமைத்தா. கிரெனடாவின் தேசியச் சாப்பாடு. ஈரப்பலாக்காய்த் துண்டு, உப்பில் ஊறிய இறைச்சி, மாவுருண்டை, மேலே சேம்பிலை, மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால். பால் முழுக்க வற்றி எண்ணெய் அடியில் தங்கும்வரை அடுப்பை விட்டு நகரக்கூடாது. எங்களுக்கென்று உப்புக் கருவாடு போட்டுத் தனியாக ஒரு சட்டி. அம்மம்மாவின் ஈரப்பலாக்காய்ப் பால்கறி மாதிரியே இருந்தது, இன்னும் தடிப்பாக. படகுக்காரர், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கையில் கோப்பையோடு படகு ஏற்றிவைக்கும் தாங்கிகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பி மூன்றாம் தரம் போட்டான். அன்ரிக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஒரு கோபமும் உண்டு. நாங்கள் போனபோதும் கண்டலுக்குள் உடைந்த படகுகள் கிடந்தன. டீசலும் பைபர்த் துண்டும் வேர்களுக்குள். காப்புறுதிக் காசை வாங்கிக்கொண்டு சிதைவை அங்கேயே விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள் என்று முற்றத்தில் எரிச்சலோடு சொன்னார்கள். அது அநியாயம். மீன்குஞ்சு வளர்வது அந்த வேர்களில், அடுத்த புயலுக்கு ஒளியப்போவதும் அங்கேதான். காசு வாங்கியவர்தான் எடுத்துப்போக வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் நவம்பர்வரை புயல்காலம், அதைத் தவிர்த்தால் நல்லது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பாய்ப் படகுப் போட்டி நடக்கும், அதற்கென்றால் துணிந்து போகலாம். கடைச் சாமான் எல்லாம் கப்பலில் வருவதால் விலை கூட, பால்மாவும் தேயிலையும் கொண்டுபோங்கள். காசைத் தீவுக் கடையிலும் தீவுச் சமையலிலும் செலவழியுங்கள்.

தோழி வழக்கம்போல ரொறன்ரோவிலிருந்து அம்மாவுக்குப் பரல் என்ற பெரிய பீப்பாயில் சாமான் நிரப்பி அனுப்புகிறாள், அடுத்தது மாசிக் கடைசியில் போகிறது. இந்தமுறை பாதிப் பரல் முற்றத்துக்கு. அவர்கள் கேட்டது தூசு முகமூடி, தடித்த கையுறை, தேய்க்கும் வட்டத்தாள், பாய் தைக்கும் ஊசிநூல். ரெசின் மட்டும் வேண்டாம், அது பரலில் போகாது. ஸ்காபரோவில் இருப்பவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.