கச்சான் காற்றின் மேல் பழியைப் போட்ட மூன்று மாதம்

நேற்றுப் பின்னேரம் அத்தானின் விமான எஞ்சின் இருபது நிமிடம் விடாமல் ஓடியது, தண்ணீர் கொதிக்கவில்லை. இருபது நிமிடம்தானே என்று நினைப்பீர்கள். அதற்காக மூன்று மாதம், கொழும்புக்கு ஒரு வீண் பயணம், என் முழங்கைத் தோல், அக்காவின் புட்டுப் பானை இவ்வளவும் போயின. ஞாபகம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தான் கனடாவில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவு வளவுக்குள் கொட்டில் போட்டு, இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கு அவர் பிடித்த எஞ்சின் மஸ்டா 13பி, எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த ஆர்எக்ஸ்-7 காரினுடையது, றோட்டரி வகை, அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண றோட்டர் சுற்றுவது, இரண்டு றோட்டர், 1.3 லீற்றர். நான் வள்ளங்களின் எஞ்சின் வேலை செய்கிறவன். பறப்பது, அதற்கு அனுமதி எடுப்பது எல்லாம் இன்னும் கிட்டவும் இல்லை. இது வாலைப் பனைமரத்தோடு கம்பிக் கயிற்றால் கட்டி, சில்லுகளுக்கு முன்னால் சிலிப்பர்க்கட்டை போட்டு, தரையிலேயே ஓட்டிச் சூடு பார்த்த கதை.

முதல் தலையிடி எஞ்சின் இல்லை, கடிதம். திருகோணமலையில் ஒரு பக்கம் கடற்படை, மறுபக்கம் சீனக்குடாவில் விமானப்படை, இடையில் ஒரு வளவுக்குள் புரொப்பெல்லர் சுற்றினால் யாராவது வந்து கேட்காமல் விடுவார்களா? முதலே அறிவித்துவிடுவோம் என்று நல்ல பிள்ளைகளாக ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் கடிதத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பிரிவுக்குள்ள வரும்?" என்று என்னையே கேட்டார். அது தெரிந்தால் நான் ஏன் ஐயா உங்களிடம் வருகிறேன். கிராம சேவகரின் கடிதம் இல்லை என்று ஒரு நாள், சிங்களத்திலும் ஒரு பிரதி வேண்டும் என்று ஒரு நாள், கையெழுத்துப் போடுகிறவர் கூட்டத்தில் என்று இன்னொரு நாள் போனது. நான்காம் தடவை போனபோது அந்தக் கதிரையில் வேறொரு தங்கச்சி இருந்தார். தலைப்பில் இருந்த 'விமானம்' என்ற சொல்லைப் பேனையால் தொட்டுக் காட்டி, "அண்ணா, ஓடப் போறது எஞ்சின் மட்டும்தானே, அப்ப அப்பிடியே எழுதுங்கோவன்" என்றார். தலைப்பை 'எஞ்சின் பரிசோதனைச் சத்தம் பற்றிய அறிவித்தல்' என்று மாற்றினோம். உள்ளே விமானம் என்று தெளிவாகவே இருந்தது, ஒன்றையும் ஒளிக்கவில்லை. பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. அதன் போட்டோக்கொப்பி ஒன்றைக் கொட்டில் கதவில் ஒட்டி வையுங்கள், எங்களுக்கு இரண்டு தடவை உதவியது.

தை, மாசியில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் முதல் பொய். மூன்று நிமிடம் ஓட்டுவோம், தண்ணீரின் சூடு காட்டும் ஊசி 80 பாகைக்கு வரும், கைதட்டுவோம், நிறுத்துவோம். எஞ்சின் இரும்பும் உள்ளே இருக்கும் தண்ணீரும் சூடாகவே அவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை யோசிக்கவில்லை. ஊசி ஒரே இடத்தில் ஐந்து நிமிடமாவது அசையாமல் நின்றால்தான் அது அளவு, இல்லாவிட்டால் வெறும் காட்சி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்: அந்த மாதமே தேர்மோஸ்டாட்டை, அதுதான் எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேட்டருக்குப் போகவிடாத வால்வை, கழற்றி வீசியவன் நான்தான். வள்ளத்து எஞ்சின்களில் பல வருடமாகச் செய்கிற பழக்கம், இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று.

வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வெறும் அனலாக இந்தப் பக்கம் வருகிற காற்று, தெரியும்தானே. நிழலில் 36 பாகை. நிமிடத்துக்கு 4500 சுற்றில் ஓட்டி எட்டாவது நிமிடம், நிரம்பி வழியும் தண்ணீரைப் பிடிக்க வைத்த போத்தல் களகளவென்று கொதிக்கிறது, ஊசி மட்டும் 94இல் சிரித்துக்கொண்டு நிற்கிறது. றேடியேட்டர் மூடி 0.9 பார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகை வரைக்கும் கொதிக்கக்கூடாது. ஆக, ஊசி பொய் சொல்கிறது, இல்லையென்றால் மூடி. இதைப் புரிந்துகொள்ளும் பொறுமை அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை. மூடியில் துணியைப் போட்டுத் திறந்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே வீச்சு. அக்கா ஓடி வந்து பற்பசை பூசினார், ஆஸ்பத்திரியில் நேர்ஸ் அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டே என்னை ஏசியதை இங்கே எழுத முடியாது. எஞ்சின் நின்று அரை மணித்தியாலம் ஆகாமல் மூடியில் கை வைக்க வேண்டாம். பற்பசையும் வேண்டாம், ஓடும் தண்ணீரில் பிடியுங்கள்.

றோட்டரியில் கொதி என்பது வெறும் வெட்கக்கேடு இல்லை. எரிதல் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் நடக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் சுடும், அலுமினிய உடலுக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவில் தண்ணீரைத் தடுத்து நிற்பது மெல்லிய றப்பர் வளையம். அது ஒரு தரம் வெந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும். எங்களுடையது தப்பியது, கும்பிட்ட கோணேசர் கைவிடவில்லை என்றுதான் அக்கா சொல்கிறார்.

பிறகு நாங்கள் செய்த முட்டாள்தனம், அளக்காமல் சாமான் வாங்கப் போனது. அத்தான் பொருத்தியிருந்தது கார் ஏசி இவாப்பரேட்டர் கோர் இரண்டு, ஏசிக்குள் காற்றைக் குளிரவைக்கிற தகட்டுப் பெட்டி. றோட்டரி விமானம் கட்டுகிறவர்கள் பலர் அதைத்தான் றேடியேட்டராகப் பாவிக்கிறார்கள், தடித்தது, பாரம் குறைந்தது. எனக்கோ அதில் நம்பிக்கை இல்லை. இரவு பஸ் ஏறிக் கொழும்பு போய், வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் நாள் முழுக்க அலைந்து, 42,000 ரூபாய்க்கு ஒரு பெரிய கார் றேடியேட்டர் வாங்கி, அடுத்த இரவு பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விமானத்தின் மூக்குக்குள் அது நுழையவே இல்லை. நாலு விரற்கடை அகலம் கூட. இப்போதும் கொட்டிலில் நிற்கிறது, கோழி ஏறி நிற்க வசதி.

அதற்குப் பிறகுதான் அத்தான் கோபப்பட்டார். "இனி ஒரு சாமானும் வாங்கேல்லை, முதல் அளவைச் சரியாக்குவம்" என்றார். நாங்கள் இருப்பது கடல் மட்டம், இங்கே கொதிக்கிற தண்ணீர் 100 பாகை, இதைவிட நல்ல அளவுகோல் எங்கே கிடைக்கும்? இரண்டு சென்சரையும் கழற்றி வயரோடு அக்காவின் புட்டுப் பானைக்குள் இறக்கினோம். தண்ணீர்ச் சென்சர் 100 சரியாகக் காட்டியது. ஓயில் சென்சர் 92. பெயின்ற் பூசிய இடத்தில் ஏர்த் வயரைப் பூட்டியிருந்தோம், சுரண்டிப் பூட்டியதும் 99க்கு வந்தது. பானையில் ஒட்டிய ஓயில் நாற்றம் போகவே இல்லை. சென்சர் சரி, ஆனால் அதை வைத்த இடம் பிழை. மேல் குழாயின் உச்சியில், காற்று தேங்குகிற இடத்தில் அது நின்றது, தண்ணீரையே தொடவில்லை. கீழே இறக்கினோம், உச்சியிலிருந்து மேல் தாங்கிக்கு ஒரு மெல்லிய ஹோஸ் போட்டுக் காற்று போக வழி விட்டோம். அடுத்த ஓட்டத்தில் ஆறாவது நிமிடத்தில் ஊசி 112. உண்மை தெரிந்ததில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அடுத்தது காற்று. சேலைன் குழாயை யூ வடிவில் பலகையில் அடித்து, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, ஒரு நுனி கோருக்கு முன்னால், மற்றது பின்னால். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கோருக்கு ஊடாகக் காற்றைத் தள்ளுகிற அழுத்தம். எங்களுக்கு வந்தது 14 மில்லிமீற்றர். அத்தான் கணக்குப் போட்டார்: 100 நொட் வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தம் கிட்டத்தட்ட 165 மில்லிமீற்றர், தரையில் புரொப்பெல்லர் தருவது அதில் ஒரு சின்னப் பங்குதான். ஆனாலும் 14 மோசம். டோர்ச் அடித்துப் பார்த்தால் கோரைச் சுற்றி விரல் போகிற இடைவெளி, வந்த காற்றெல்லாம் அதற்குள்ளால் தப்பி ஓடுகிறது. ஸ்பொஞ்ச், அலுமினிய டேப், சிலிக்கன் எல்லாம் வைத்து அடைத்தோம், 31 வந்தது. ஆகா என்று ஓட்டினோம். சூடு குறைந்தது மூன்று பாகை! அழுத்தம் இரண்டு மடங்காகியும் மூன்று பாகைதான். அந்த நேரம் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். நான் கச்சானைத்தான் திட்டினேன்.

இடையில் மண் வேறு. எங்கள் வளவு கடற்கரை மணல், புரொப்பெல்லர் அதை உறிஞ்சி எடுத்து தன் விளிம்பையே அரித்துக்கொண்டது, மிச்சத்தைக் கோருக்குள் அடைத்தது. படங்கு விரித்தால் போதாது, அதன் நான்கு பக்கமும் கல் வைக்க வேண்டும், தண்ணீரும் தெளிக்க வேண்டும். படங்கு புரொப்பெல்லரை நோக்கி எழும்பியதை ஒரு தரம் பார்த்தேன், இன்னொரு தரம் பார்க்க விருப்பமில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் கிண்ணியாவிலிருந்து வந்த நானா. வள்ளத்து எஞ்சின் ஒன்றின் பம்ப் வாங்க என்னிடம் வந்தவர், சத்தம் கேட்டுக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். எஞ்சின் நின்றதும் ஒன்றும் கேட்காமல் மேல் ஹோஸில் விரலை வைத்து எடுத்தார், கீழ் ஹோஸை உள்ளங்கையால் பிடித்தார், பிடித்தபடியே நின்றார்.

"தம்பி, மேல கை வைக்க ஏலாது. கீழ பச்சத்தண்ணி மாதிரிக் கிடக்கு. இது சும்மா நிக்குது."

"பம்ப் வேலை செய்யுது நானா."

"பம்ப் சுத்தும். தண்ணி வேற பாதையால போகுது. தேர்மோஸ்டாட் எங்க?"

கழற்றிவிட்டேன் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் கெட்ட வார்த்தை எல்லாம் இருந்தது.

இந்த எஞ்சினில் தேர்மோஸ்டாட் இருக்கும் குழிக்கு அடியில் ஒரு துவாரம் இருக்கிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீர் றேடியேட்டருக்குப் போகாமல் அதற்குள்ளால் நேரே பம்புக்குத் திரும்பிவிடும், சூடானதும் தேர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடியில் உள்ள தட்டு இறங்கி அந்தத் துவாரத்தை மூடும். தேர்மோஸ்டாட்டைக் கழற்றினால் மூட ஆள் இல்லை. தண்ணீர் சுகமான பாதையைத்தான் எடுக்கும், கோருக்குள் மினக்கெட்டுப் போகாது. நான் எஞ்சினைக் குளிரவைக்க என்று செய்த வேலைதான் அதைக் கொதிக்க வைத்தது. கச்சானும் இல்லை, கோரும் இல்லை.

துவாரத்துக்கு மரை போட்டு, லேத்தில் ஒரு அலுமினிய அடைப்பான் கடைந்து இறுக்கினோம். கூலி 600 ரூபாய். கோழி நிற்கிற 42,000 பற்றி அக்கா இன்றைக்கும் ஞாபகப்படுத்துகிறார். அடைக்காமல் புதிய தேர்மோஸ்டாட்டே போடுகிறீர்கள் என்றால் அடியில் தட்டு உள்ளதுதானா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள், தட்டு இல்லாத மலிவுச் சாமானும் அதே அளவில் கிடைக்கிறது. அன்றைக்கே ஓட்டினோம். 86இல் நின்றது. நானாவுக்கு பம்ப் சும்மா கொடுத்தேன், அவர் காசை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் ஓயில் 117. றோட்டர்களின் உள்பக்கத்தை ஆற்றுவது ஓயில்தான், இந்த எஞ்சின் வெளியே தள்ளுகிற சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் தலையில். நாங்கள் இடம் மிச்சம் என்று ஓயில் கூலரைக் கோருக்குப் பின்னாலேயே வைத்திருந்தோம், அதாவது ஏற்கெனவே சூடான காற்றில். அதைக் கழற்றி மூக்குக்குக் கீழே தனி வாயில் வெட்டி வைக்க இரண்டு கிழமை ஆனது, அத்தான் அழகான மூக்கு கெட்டுப்போச்சு என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். கூலர் முதலில் குளிராகவே கிடந்தால் பயப்பட வேண்டாம், மஸ்டா கூலருக்குள் ஒரு வால்வு இருக்கிறது, ஓயில் சூடான பிறகுதான் வழி விடும். எங்களுக்கு அது தெரியும்வரை ஒரு முழு நாள் அடைப்புத் தேடினோம்.

நேற்றைய அளவு: நிழலில் 35 பாகை, 4500 சுற்று, இருபது நிமிடம், தண்ணீர் 87, ஓயில் 98. ஓயிலைத் தொடர்ந்து 100க்கு மேல் விடக்கூடாது என்பதுதான் இந்த எஞ்சின் ஓட்டுகிறவர்களின் பொதுக் கணக்கு, ஆகவே மயிரிழை. வெளிச்சூடு ஒரு பாகை கூடினால் இரண்டு ஊசியும் ஏறத்தாழ ஒரு பாகை கூடும் என்று வையுங்கள், அதனால் காலையில் ஓட்டிச் சந்தோஷப்படாமல் மத்தியானம் ஓட்டுங்கள். ஏறும்போதுதான் உண்மையான கஷ்டம், பவர் முழுக்க, வேகம் குறைவு, மூக்கு மேலே. மூக்கு மேலே போனால் காற்று தேங்கும் இடமும் மாறும். அடுத்த ஞாயிறு முன்சில்லுக்கு அடியில் சீமெந்துக் கல் மூன்று அடுக்கி ஓட்டிப் பார்க்கப் போகிறோம். கல் வந்துவிட்டது. பானைதான் இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை.