கல்யாண போட்டோகிராபர் பிடிப்பது: தேதி குறித்த நாள் முதல் ஆல்பம் கைக்கு வரும்வரை

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வெளியே வந்ததும் அடுத்த போன் போட்டோகிராபருக்குத்தான் போக வேண்டும். சமையல், டெக்கரேஷன் எல்லாம் அதற்குப் பிறகு. சமையல் கான்ட்ராக்டர் ஒரே நாளில் இரண்டு மண்டபத்துக்கு ஆள் அனுப்பிச் சமாளித்துவிடுவார். கேமரா பிடிக்கிறவர் ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு மேடையில்தான் நிற்க முடியும். ஆடியும் மார்கழியும் போய், பலர் புரட்டாசியையும் தள்ளிவைத்த பிறகு மிஞ்சுவது ஒன்பது மாதம். அதிலும் வளர்பிறை, அதிலும் ஞாயிறு என்று ஊரே ஒரே தேதியைப் பிடித்துத் தொங்கும். தையிலும் ஆவணியிலும் வரும் நல்ல முகூர்த்தத்துக்கு ஆறு மாதம் முன்பே கேட்டாலும் ‘அந்த டேட் பிளாக் ஆயிடுச்சு சார்’ என்ற பதில் வரும்.

வராவிட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரே தேதிக்கு மூன்று நான்கு ஆர்டர் எடுத்துக்கொண்டு, ஃப்ரீலான்சர்களை அனுப்பிவைக்கும் ஸ்டூடியோக்கள் நிறைய. அது குற்றமில்லை, நல்ல ஃப்ரீலான்சர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்து மயங்கிய படத்தை எடுத்தவர் ஒருவர், விடியற்காலை உங்கள் மண்டபத்தில் பையோடு வந்து இறங்குகிறவர் இன்னொருவர் என்றால், நீங்கள் பார்த்த படத்துக்கும் கொடுக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் விலை கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டியது இது: ‘எங்க கல்யாணத்துக்கு யார் வர்றாங்க? அவர் எடுத்த கல்யாணம் ஒண்ணை முழுசாக் காட்டுங்க.’

முழுசாக என்பதுதான் முக்கியம். பொறுக்கி வைத்த முப்பது படத்தில் எல்லோரும் மேதைதான். ஒரே கல்யாணத்தின் எல்லாப் படங்களும் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, விடியாத முகூர்த்தம். 4.30 - 6 முகூர்த்தத்தில் வெளிச்சம் மேடை விளக்கில் இருந்து மட்டும்தான் வரும். ஹோமப் புகை வேறு. அங்கே முகம் தெளிவாக இருக்கிறதா, ஃப்ளாஷ் பட்டு புகை வெள்ளைத் திரையாக நிற்கிறதா? இரண்டாவது, கூறைப்புடவை. அரக்குச் சிவப்பு டிஜிட்டல் கேமராவுக்குச் சவாலான நிறம். கொஞ்சம் அசந்தால் புடவை ஒரே சிவப்புத் திட்டாகிவிடும், ஜரிகை வெளுத்து நூல் தெரியாமல் போகும். மூன்றாவது, தோல் நிறம். மாப்பிள்ளையின் கைக்கும் முகத்துக்கும் இரண்டு நிறம் இருந்தால் எடிட்டிங்கில் முகத்தை வெளுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் கருத்தில் தமிழ்நாட்டுக் கல்யாண ஆல்பங்களின் பெரிய வியாதி இதுதான். ‘நிறத்தைத் தொடாதீங்க, பருவை மட்டும் எடுத்தாப் போதும்’ என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கேட்காவிட்டால் வெளுப்பதுதான் வழக்கம்.

பேக்கேஜ் பேசும்போது நான்கு வார்த்தைகள் அடிபடும்: டிரெடிஷனல் போட்டோ, டிரெடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ. டிரெடிஷனல் என்றால் மேடையில் வரிசையாக நிற்கவைத்து, எல்லோரும் கேமராவைப் பார்க்க, ஃப்ளாஷ் அடித்து எடுப்பது. கேண்டிட் என்றால் அவரவர் பாட்டுக்கு இருக்கும்போது எடுப்பது. இப்போது பலரும் இரண்டு கேண்டிட் ஆட்களைப் போட்டுவிட்டு, டிரெடிஷனலுக்குக் கற்றுக்குட்டி ஒருவரை ஒப்புக்கொள்கிறார்கள். இது தலைகீழ். சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெரியம்மா ஆல்பத்தில் தேடப்போவது மேடையில் தான் நின்ற அந்த ஒரு படத்தை. அதில் அவர் கண் மூடியிருந்தால் கேண்டிட் படத்தின் பின்னணி மங்கல் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோசனமில்லை.

மேடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 800 பேர் வரும் ரிசப்ஷனில் சராசரியாக மூன்று பேர் ஒரு குழு என்றால் சுமார் 270 குழு. 6.30 முதல் 9.30 வரை 180 நிமிடம். குழுவுக்கு 40 நொடி கிடைக்கும், தாராளம். மேக்கப் முடிந்து ஜோடி மேடை ஏறுவது 7.30 ஆகிவிட்டால் அதே கூட்டத்துக்குக் குழுவுக்குச் சுமார் 27 நொடிதான். பரிசு கொடுத்து, கை குலுக்கி, குழந்தையைத் தூக்கி நிறுத்தவே அது சரியாகப் போய்விடும். ஒரு குழுவுக்கு ஒரே கிளிக், கண் மூடியதைப் பார்க்க நேரமில்லை. வரிசை பந்திக் கூடம்வரை நீளும். படம் கெட்டதற்குப் பழி போட்டோகிராபர் தலையில் விழும். காரணம் மேக்கப் அறையில் இருக்கும். மேடை ஏறும் நேரத்தை மேக்கப் கலைஞரிடமும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

கருவிகளில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருக்கிறதா, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகுமா? கார்டு எப்போது வேண்டுமானாலும் சாகும். தாலி கட்டு இரண்டாவது முறை நடக்காது. சோனி ஏ7 மூன்று, கேனான் ஆர்6, நிக்கான் இசட்6 இரண்டு ஆகியவற்றில் இரண்டு கார்டு உண்டு. கேனான் ஈஓஎஸ் ஆர், முதல் நிக்கான் இசட்6 இரண்டிலும் ஒன்றுதான். மெகாபிக்சல் பேச்சை விட்டுவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். இதில் போட்டோகிராபரைவிட டெக்கரேஷன்காரருக்குத்தான் அதிகாரம். ஊதாவும் நீலமுமாக எல்இடி பார் விளக்குகளை மேடையைப் பார்த்துத் திருப்பிவிட்டால் பட்டுப்புடவையும் முகமும் கத்தரிக்காய் நிறமாகும். எந்த எடிட்டிங்கும் அதை முழுசாக மீட்காது. கலர் விளக்குகள் பின்னணித் துணியில் மட்டும் விழ வேண்டும், ஆட்கள் மேல் விழுவது வார்ம் வொயிட்டாக இருக்க வேண்டும் என்று டெக்கரேஷன் பேசும் அன்றே சொல்லுங்கள். மலிவான எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டும். வீடியோவில் அது குறுக்குக் கோடாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீடியோவுக்கு ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அனுபவம் உள்ளவர் முதல் நாள் மாலையே வந்து ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

தாலி கட்டும் நிமிடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோளாறு அங்கேதான் அதிகம். ஐயர் கை காட்டுகிறார், ‘கெட்டிமேளம்’ என்ற குரல் எழுகிறது, நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகின்றன. அந்த நொடியில் மேடையில் இருக்கும் இருபது பேரும் ஒரு அடி முன்னே வருவார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அட்சதை போட எழுந்து நிற்பார்கள். சித்தப்பா ஒருவர் கைபேசியை நீட்டுவார். நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்காகப் பெண்ணின் பின்னால் குனிவார். முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை அரை நிமிடம்கூட இருக்காது. கூடத்தில் ஸ்டாண்டு போட்டு நிற்கும் கேமராவுக்குத் தெரிவது முதுகுகள் மட்டும். ஒரு கேமரா மேடையிலேயே, மணமக்களுக்கு நேர் எதிரே, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்று பக்கவாட்டில் சிறு ஸ்டூலின் மேல். நடுவே யாரும் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுங்கள். தாய்மாமன் சொன்னால் கேட்பார்கள், போட்டோகிராபர் சொன்னால் முறைப்பார்கள். ஐயரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவைத்தால், தாலியை எடுத்து எல்லோருக்கும் காட்டும்போது ஒரு நொடி கூடுதலாக நிறுத்துவார்.

பெண் வீட்டார் ஒரு குழு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு குழு என்று இரண்டு செட் வருவது நம்மூரில் சகஜம். அப்படியானால் மேடையில் ‘இங்க பாருங்க’ என்று கூப்பிடும் உரிமை ஒரு குழுவுக்குத்தான் என்று முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்திலும் பாதிப் பேர் இடப்பக்கமும் மீதிப் பேர் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கோயிலில் கல்யாணம் என்றால் கோயில் அலுவலகத்தில் கேமராவுக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். சிலவற்றில் கட்டணம் உண்டு, கருவறைப் பக்கம் எங்குமே விடமாட்டார்கள். தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது; அதனால் கைபேசியில் எடுத்துச் சமாளிக்கலாம் என்ற நினைப்பும் ஆகாது. ட்ரோன் கேட்கிறவர்களுக்கு: 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்தை ஒட்டிய பகுதி சிவப்பு மண்டலம். சென்னையில் பல்லாவரம், ஆலந்தூர் பக்கத்து மண்டபங்களில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் சிக்கல். உள்ளே கூரைக்குக் கீழே பறக்கவிட்டால் சத்தத்தில் மந்திரம் கேட்காது. எங்களைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு இன்னொரு லைட்மேன் உருப்படி.

விலையில் பேரம் பேசும்போது ‘ஆல்பம் ஒண்ணு சேர்த்துக் குடுங்க, ஃபிரேம் ரெண்டு குடுங்க’ என்று பொருளைக் கூட்டச் சொல்வது நம் பழக்கம். சொன்ன தொகைக்குள் அதையெல்லாம் திணிக்க ஸ்டூடியோ குறைக்கப்போவது ஆளை, அல்லது நேரத்தை. பேரத்தை அங்கே வையுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. அதிகாலை முகூர்த்தம் என்றால் குழு 3.30-க்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். அதற்கு முதல் நாள் இரவு படுக்க அறை கொடுங்கள். ஜிஎஸ்டி உண்டா, சொன்ன தொகைக்குள்ளா வெளியிலா என்று கேளுங்கள். 1,20,000 பேசி முடித்தபின் 18 சதவீதம் என்று 21,600 ஏறினால் கசப்புத்தான் மிஞ்சும்.

பேசியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; லெட்டர்ஹெட் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி ‘சரி’ என்ற பதிலாவது வேண்டும். வருகிறவர் பெயர், அவர் வர முடியாமல் போனால் யார், தேதி தள்ளினால் அட்வான்ஸ் என்னாகும், ஒரு மணி நேரம் கூடினால் எவ்வளவு, படங்கள் எந்தத் தேதிக்குள், ஆல்பம் எந்தத் தேதிக்குள். பணத்தை நான்காகப் பிரித்துக்கொள்வது இருவருக்கும் நியாயம்: பதிவின்போது கொஞ்சம், கல்யாணத்துக்கு முன்பு பெரும்பகுதி, படங்கள் கைக்கு வந்ததும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு ஆல்பத்தோடு. இன்னொரு வரியும் வேண்டும்: எங்களைக் கேட்காமல் படங்களை விளம்பரத்துக்குப் போடக்கூடாது. காப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டூடியோவின் அச்சடித்த படிவத்தில் பொடி எழுத்தில் அந்த ‘வேறு ஒப்பந்தம்’ ஒளிந்திருக்கலாம், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாமல் அங்கே போய் நின்று பயனில்லை.

கல்யாணத்தன்று வீட்டார் செய்ய வேண்டியது மூன்று. குடும்பப் படங்களுக்குப் பன்னிரண்டு பதினைந்து குழுவாகப் பட்டியல் போட்டு, இரு வீட்டிலும் முகம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். முகூர்த்தம் முடிந்து டிபனுக்குப் போகும் முன் இருபது நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். பந்தியில் போட்டோ, வீடியோ ஆட்களை முதலில் உட்காரவையுங்கள். பத்து மணி நேரம் நிற்கிறவர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுவது அநியாயம் மட்டுமில்லை, அந்த நேரத்தில் நடக்கும் சடங்குகளும் படத்தில் வராமல் போகும். மூன்றாவது, ஹார்டு டிஸ்க். 5,000 ரா படம் (கேமரா பதிவு செய்யும் எடிட் செய்யாத மூலக் கோப்பு), ஒவ்வொன்றும் 25 எம்பி என்றால் 125 ஜிபி. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிவைத்து, குழு கிளம்பும் முன் புகைப்படங்களை மட்டுமாவது ஏற்றிக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 21 நிமிட வேலை. ரா தரமாட்டோம் என்பவர்கள் ஜேபெக்காவது தருவார்கள்.

ஆல்பம் தாமதமாவதற்குப் பாதிக் காரணம் வீட்டார்தான். 12க்கு 36 அங்குல ஆல்பம் 35 ஷீட் என்றால் 70 பக்கம். ஷீட்டையும் பக்கத்தையும் குழப்பிக்கொண்டு பேசுவதில் பல சண்டைகள் தொடங்குகின்றன. பக்கத்துக்கு மூன்று நான்கு படம் வைத்தால் 210 முதல் 280 வரை தேர்ந்தெடுக்க வேண்டும். 5,000 படத்தை எட்டுப் பேர் சேர்ந்து பார்த்தால் அடுத்த ஆடி வந்துவிடும். இரண்டு பேர், ஒரு வாரம், அவ்வளவுதான். 400 படம் அனுப்பி ‘எல்லாத்தையும் வச்சிடுங்க’ என்றால் ஒவ்வொரு முகமும் தபால்தலை அளவுக்குச் சுருங்கும்.

டிசைன் ப்ரூஃபை, அதாவது அச்சுக்குப் போகும் முன் காட்டும் மாதிரியை, வாட்ஸ்அப் படமாகக் கைபேசியில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். பிடிஎஃப் வாங்கி லேப்டாப்பில் ஒவ்வொரு ஷீட்டாகப் பாருங்கள். நடு மடிப்பில் யார் முகமாவது விழுகிறதா? இரு வீட்டுத் தாத்தா பாட்டியும் வந்துவிட்டார்களா? அட்டையில் இனிஷியல் சரியா? தமிழில் பெயர் போட்டிருந்தால் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் தனியாக நிற்கும். ‘செல்வி’ என்ற பெயர் அட்டையில் உடைந்து கிடக்கும். அச்சான பிறகு அதைத் திருத்த முடியாது, அந்த ஷீட்டையோ அட்டையையோ புதிதாகப் போட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்றால் ப்ரூஃபுக்கு ஓகே சொன்னவருடையது.

ஆல்பம் வந்ததும் ஷீட்டை எண்ணுங்கள், மடிப்புகளை விரித்துப் பாருங்கள், பிறகு கடைசிப் பங்கைக் கொடுங்கள். ஹார்டு டிஸ்க்குக்கு இன்னொரு நகல் போட்டு, அதை வேறு வீட்டில், அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ வைத்துவிடுங்கள். ஸ்டூடியோக்காரர் அடுத்த சீசனுக்கு இடம் வேண்டும் என்று உங்கள் ஃபோல்டரை அழிக்கத்தான் செய்வார்.