செவிலி கொண்டுவந்த சேதி: ஐப்பசி நாட்குறிப்பு

அக்டோபர் 19, பாளையங்கோட்டை

அண்ணன் மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. குறுந்தொகை 167-ஆம் பாட்டை இருவருமாக உட்கார்ந்து வாசித்தோம். கூடலூர் கிழார் பாடியது, ஆறே வரி. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் முற்றிய தயிரைக் கையால் பிசைகிறாள். விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்காமல் உடுத்தபடியே தாளிக்கிறாள். குவளைக் கண்ணில் குய்ப்புகை, தாளிப்பின் புகை, நிறைகிறது. அவள் துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சொல்லி உண்கிறான். ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.’ அவள் முகம் மெல்ல மலர்கிறது.

“அவள் எப்போது சாப்பிட்டாள், அத்தை?” என்று கேட்டாள் மகள்.

பாட்டில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பில் வேறொன்று இருக்கிறது. இதைச் சொல்பவள் செவிலித்தாய். கேட்பவள் பெற்ற தாய். மணமான பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டு வந்த செவிலியிடம், ‘என் பிள்ளை எப்படி இருக்கிறாள்?’ என்று தாய் கேட்டிருப்பாள். துடைத்த விரலையும் கறைபட்ட சேலையையும் கண்ணில் ஏறிய புகையையும், எடுத்து வளர்த்தவளின் கண்தான் இப்படிப் பார்க்கும். மனைவி இப்படி இருக்க வேண்டும் என்ற கட்டளையாக இதை மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். எனக்கு இது ஒரு தாயின் வயிற்றில் பால் வார்க்கச் சொன்ன சேதியாகத்தான் கேட்கிறது. அந்த ஆறுதலும் மருமகன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லை நம்பி இருக்கிறது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

அக்டோபர் 21

முந்தாநாளைய தொடர்ச்சியாக நற்றிணை 110, போதனார் பாட்டு. பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை வைத்துக்கொண்டு, நரைத்த செவிலியர் கெஞ்சியும் அதட்டியும் பின்னால் ஓட, முத்துச் சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடி ஒளிந்த சிறுமி. இன்று அவள் புகுந்த வீட்டில் வறுமை. தந்தை வீட்டின் கொழுஞ்சோற்றை நினைப்பதுகூட இல்லை. ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள். ‘பொழுது மறுத்து உண்ணும் சிறுமதுகையளே.’

இவ்வளவு அறிவும் ஒழுக்கமும் இவளுக்கு எங்கிருந்து வந்தன என்று வியப்பதாகப் பாட்டு. வியப்புத்தான். ஆனாலும் அதற்குள் ஒரு தாய் மகளின் பட்டினியை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பசியைப் பெருமையாக மாற்றாமல் அவளால் தாங்கியிருக்க முடியாது. புகுந்த வீட்டுக் குறையைப் பிறந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பாதவளே குடும்பத்துப் பெண் என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லாமல் இருப்பதைக் குணம் என்று எத்தனை காலம் பாராட்டிக்கொண்டிருப்பது?

அக்டோபர் 24

காலையில் மழை. வெளியே போகவில்லை. புறநானூறு 312, பொன்முடியார்.

‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற ஒரு வரியைத் தாய்மைக்கு இலக்கணமாக எடுத்துக்காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மேலே படித்தால், மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன், வேந்தனுக்கும் ஒரு கடன் என்று அவள் சொல்லிக்கொண்டே போகிறாள். தன் பங்கை ஒரே வரியில் முடித்துவிட்டு, கணவனுக்கும் அரசனுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் குரல் அது. பிள்ளை கெட்டுப்போனால் ‘தாய் வளர்த்த லட்சணம்’ என்று பேசும் ஊர், இரண்டாம் வரியையும் மனப்பாடம் செய்தால் நல்லது.

அந்தப் பாட்டில் மகள் என்று ஒருத்தி இல்லவே இல்லை. அதையும் குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 30, சீவலப்பேரி

பஸ்ஸில் போய் வந்தேன். தாமிரபரணியும் சிற்றாறும் கூடுகிற இடம். உழவர் வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளு பிறந்த மண். ‘ஆற்று வெள்ளம் நாளைவரத் தோற்றுதே குறி’ என்ற பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இப்போது பிசான நெல் பருவம். சாலையை ஒட்டிய வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. முதுகு நிமிராமல் நட்டவர்கள் அத்தனை பேரும் பெண்கள். வரப்பில் தூக்குச்சட்டிகள் வரிசையாக இருந்தன. ஒருவர் நட்டுக்கொண்டே மருமகளைப் பற்றி ஏதோ சொல்ல, அடுத்த வரிசையிலிருந்து உடனே எதிர்ப்பேச்சு வந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

பள்ளு இந்த வயலின் கதைதான். ஒரு கணவன், இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடற்காரி, திருமால் அடியவள். இளையவள் மருதூர்க்காரி, சிவன் பக்கம். அவன் இளையவளே கதியென்று கிடந்து வேலையைக் கெடுக்கிறான். மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவனைத் தொழுமரத்தில், காலைப் பூட்டும் தண்டனை மரத்தில், மாட்டிவிடுகிறான். பிறகு அவனை விடுவிக்கச் சொல்லி மன்றாடுபவளும் அதே மூத்தவள்தான்!

இதை நகைச்சுவை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? அவன் மரத்தில் கிடந்தால் உழவு நிற்கும், கூலி நிற்கும், வீட்டில் உலை நிற்கும். தண்டனை வாங்கித் தந்தவளே அந்தத் தண்டனையின் சுமையையும் சுமக்கிறாள். குடும்பத்துக்குள் நீதி கேட்கிற பெண்ணுக்கு இன்றும் இதே நிலைதான். காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பப் பெறுகிறவர்களைப் பற்றி ஏளனமாகப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

பிறகு வருகிறது ஏசல். இருவரும் ஒருத்தி சாமியை ஒருத்தி இழுத்துத் தூற்றுகிறார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் விழுகிற வசையில் பாதிகூட, இருவரையும் ஏய்த்த அந்த மனிதனுக்கு விழவில்லை. கவிஞர் பெயர் தெரியாத நூல். பெண்ணின் வாய்த்துடுக்கை இவ்வளவு ரசித்து எழுதியவர் அந்த வாயை அவன் பக்கம் திருப்பிவிட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 3

குற்றாலக் குறவஞ்சியை மறுபடி எடுத்தேன். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் நூலில், தலைவி வசந்தவல்லி பாடுகிற விரகத்தைவிட எனக்குக் குறத்தி சிங்கிதான் நெருக்கம். ஊர் ஊராகப் போய்க் குறி சொல்லித் தன் வித்தையால் சம்பாதிக்கிறாள். நகை பூண்டு திரும்பி வந்தவளைக் கணவன் சிங்கன் துருவித் துருவிக் கேட்கிறான். காலில் விரியன் பாம்பு கடித்துக் கிடக்கிறதே என்கிறான் அவன்; சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் இவள். ஒவ்வொரு நகைக்கும் ஓர் ஊர், ஓர் உழைப்பு. கணக்குக் கேட்கும் உரிமை அவனுக்கு இருப்பதாகவே நூல் வைத்திருக்கிறது. ஆனால் பதில் சொல்கிறவள் தலை குனியவில்லை. ‘அஞ்சாமற் சொல்லடா சிங்கா’ என்று அவனுக்கே தைரியம் சொல்கிறாள்.

நவம்பர் 7

கடவுளையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். முதல் ஏழும் ஆண், பெண் இருவருக்கும் பொது. எட்டாவதிலிருந்து பிரிகிறார்கள். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மீனாட்சிக்குப் பாடியதும் இந்த முறையில்தான்.

ஆணுக்குரிய சிற்றில் பருவத்தில் பேசுகிறவர்கள் சிறுமிகள். மணலில் கட்டிய சிறுவீட்டைக் காலால் அழிக்காதே என்று அந்தப் பிள்ளையிடம் கெஞ்சுகிறார்கள். வீடு கட்டுவது அவர்கள் விளையாட்டு, அழிப்பது அவன் விளையாட்டு. அழகான பாடல்கள்தான், பக்தியோடு பாடப்பட்டவைதான். என்றாலும் பல் முளைத்துச் சில ஆண்டுகளிலேயே இரண்டு பிள்ளைகளுக்கும் வேலை பிரித்தாகிவிட்டது.

நவம்பர் 9

மாடி வீட்டில் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. பெரியாச்சி தாலாட்டினார். யார் அடித்து நீ அழுகிறாய் என்று கேட்டு, மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்ததாகவும் அத்தை அரளிப்பூச் செண்டால் அடித்ததாகவும் பாடினார். வேறு சிலர் அத்தைக்கு அல்லிப்பூ கொடுப்பதுண்டு. ஆச்சி அரளியைத்தான் பாடினார். அரளி நஞ்சு என்று இந்த ஊரில் தெரியாதவர் உண்டா? குழந்தையின் அத்தை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். குழந்தைக்கு என்ன புரியும். பாட்டுப் போய்ச் சேர வேண்டிய காது அதுவல்ல. நாத்தனாரிடம் நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல, மருமகள்களுக்குத் தொட்டில் ஓர் இடம். இழவு வீட்டில் ஒப்பாரி இன்னோர் இடம். தாய் போனபின் பிறந்த வீட்டு வாசல் தனக்கு அடைபட்டுவிட்டதை அண்ணன் மனைவி காதுபட அங்கேதான் சொல்ல முடியும்.

நவம்பர் 13

கடையம் செல்லம்மாவைப் பாரதி மணந்தது 1897-இல். வீட்டிலிருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்த கதையை எல்லோரும் மகிழ்ந்து சொல்கிறோம். அன்றைய உலைக்கு அரிசி தேடியவரைப் பற்றி யாரும் பாடவில்லை. பாரதி இறந்து முப்பதாண்டு கழித்து, 1951-இல், செல்லம்மா திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்று பேசினார். கவிஞரின் வீட்டிலிருந்து அந்தக் குரலும் வந்ததே என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

பெண்கள் விடுதலைக் கும்மியிலும், ‘காதலொருவனைக் கைப்பிடித்தே, அவன் காரியம் யாவினும் கைகொடுத்து’ என்றுதான் பாரதி முடிக்கிறார். எனக்கு அதில் குறை உண்டு. அவள் காரியத்துக்குக் கைகொடுப்பவன் யார் என்று அந்த வரி கேட்கவில்லை. ஆனால் அதே கும்மியில் ‘கற்பு நிலையென்று சொல்ல வந்தார், இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்’ என்று இருக்கிறது. வட்டமாகச் சுற்றிக் கைகொட்டி, பெண்கள் பெண்களுக்குச் சொல்லும்படி அமைந்த வரி.

தை மாதம் சித்தி வீட்டில் கல்யாணம். வாழ்த்து மடலுக்கு என்னிடம் நாலு வரி கேட்டிருக்கிறார்கள். கணவனைத் தொழும் மனைவியைப் போற்றும் ‘தெய்வம் தொழாஅள்’ குறளைப் போட்டால் போதும் என்று சித்தப்பா சொல்கிறார். நான் கும்மியின் அந்தக் கற்பு வரியைத்தான் எழுதிக் கொடுக்கப்போகிறேன். மாப்பிள்ளை வீட்டாரோடு பேச வேண்டி வந்தால் நானே பேசிக்கொள்கிறேன்.