கொம்பு முன்னால், கால் பின்னால்: அட்டை உருளையில் உயிர்மெய்

ஒருவழியாகக் கொம்பு வளையம் சிக்காமல் சுற்றுகிறது! டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டை உருளையில் மூன்று வளையங்கள் மாட்டியிருக்கிறேன். இடப்பக்கம் கொம்புகள், நடுவில் அகர வரிசை, வலப்பக்கம் துணைக்கால். நடுவில் ‘க’வை நிறுத்தி ஒற்றைக்கொம்பைத் திருப்பினால் ‘கெ’. கொம்பை அசைக்காமல் காலையும் கொண்டுவந்தால் ‘கொ’. எகர ஒலி பின்னால் வந்தும் கொம்பு ஏன் முன்னால் நிற்கிறது என்று குழம்பும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கையால் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பேப்பர் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சுற்றுவதைப் பலரும் செய்து பார்த்திருப்பீர்கள். இரண்டு பாகத்துக்கு அது போதும். மூன்றாவது கப்பைச் செருகியதும், சரிவான சுவர் என்பதால், குழந்தை அழுத்திப் பிடித்தவுடன் எல்லாம் இறுகிவிடுகிறது. விளிம்பில் எழுதவும் இடம் போதவில்லை. அதனால்தான் உருளைக்கு மாறினேன்.

நடு வளையத்தில் பதினெட்டு எழுத்தையும் திணிக்க வேண்டாம். என் உருளையின் சுற்றளவு 13 செ.மீ.க்குச் சற்று மேல். பதினெட்டாகப் பிரித்தால் எழுத்துக்கு 7 மி.மீ.தான் கிடைக்கும். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறாறாகப் பிரித்து மூன்று நடு வளையங்கள் செய்துவிட்டால் ஒவ்வோர் எழுத்துக்கும் 2 செ.மீ.க்கு மேல் இடம் உண்டு. உருளையின் ஒரு முனைத் தடுப்பை மட்டும் ஒட்டாமல் விட்டால் வளையத்தைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

சரி, வளையத்துக்கு வருகிறேன். என் நேரத்தையெல்லாம் தின்றது அதுதான்.

இன்னொரு டிஷ்யூ உருளையை நீளவாக்கில் கீறி மேலே போர்த்தினால் வாய் மூடாது. நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விழும். அதன்மேல் ஒட்டுப் போட்டால் விரலில் தட்டும் மேடு வருகிறது. சோப்பு, பற்பசைப் பெட்டிகளின் மெல்லிய அட்டைதான் சரி. ஆனால் வெட்டும் திசை முக்கியம். அட்டையை இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இசைந்து வளையும், மறுபக்கம் முரண்டு பிடித்து மடிப்பு விழும். இசைந்து வளையும் பக்கமே சுற்றாக வரும்படி, அதாவது இழை (காகித நார்கள் படுத்திருக்கும் திசை) உருளையின் நீளத்துக்கு இணையாக ஓடும்படி வெட்டினால்தான் வளையம் வட்டமாக நிற்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஈரம் பட்டால் காகிதம் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் உப்பும். அதாவது வளையத்தின் சுற்றளவே மாறும். மழை நாளில் தொளதொளப்பதும் வெயில் நாளில் இறுகுவதும் இதனால்தான். உருட்டுவதற்கு முன்பே அட்டையின் இரு பக்கமும் அகலமான செலோ டேப் ஒட்டிய பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. எழுத்துகளை டேப்புக்கு அடியில் எழுதிவிடுங்கள், அழியாது. ஓரங்களில் மட்டும் ஒரு விரற்கடை டேப் இல்லாமல் விடவேண்டும், பசை அங்கேதான் பிடிக்கும்.

அந்த ஓரங்களில்தான் முக்கிய வேலை. ஒரு முனையின் மேல் பக்கத்திலும் மறுமுனையின் அடிப்பக்கத்திலும் பாதித் தடிமனை நகத்தால் உரித்துவிடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது மேடு தெரியாது. ஒட்டுவதற்கு முன் உருளையின் மீது எழுதும் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் வளையத்தை இறுக்கி ஒட்டி, காய்ந்ததும் தாளை உருவிவிடுங்கள். ஒரு சுற்று என்றால் இறுக்கம், மூன்று சுற்று என்றால் தானாக வழுக்குகிறது. இரண்டுதான் கணக்கு. வளையத்தைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைப் பார்க்கையில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

டிஷ்யூ உருளை பிள்ளைகளின் பிடியில் நசுங்கும். இன்னோர் உருளையைக் கீறி உள்ளே செருகி ஒட்டினால் தாங்கும். அலுமினியத் தாள் சுற்றிவரும் உருளை இதைவிட உறுதி, ஆனால் ஒல்லி. அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன், தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கிறார்கள்.

இந்த மூன்று வளையத்தில் அ, ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ என்ற ஏழு வரிசைகள் கிடைக்கின்றன. 216 உயிர்மெய்யில் 126 வந்துவிட்டது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு இதைச் செய்திருக்கவே முடியாது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் அப்போது ஒட்டிப் பிறந்த தனி வடிவங்கள். ஔகார வரிசையை இப்போதைக்குச் சேர்க்கவில்லை. அதன் பின்பாதி ‘ள’ போலவே இருப்பதால் ‘கௌ’வைப் பிள்ளைகள் ‘கெ’, ‘ள’ என்று இரண்டாகப் படிப்பார்கள்.

வகுப்பில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு சிறுமி ‘க’வுக்கு முன்னால் ஐகாரக் கொம்பையும் பின்னால் காலையும் நிறுத்திவிட்டு, வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்து, “இப்படி ஓர் எழுத்தே இல்லை டீச்சர்” என்றாள். உடனே எல்லோரும் ‘இல்லாத எழுத்து’ தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போட்டு வைத்திருந்த பாடத் திட்டத்தைவிட அந்த விளையாட்டு மேல்.

உகர, ஊகாரம் வளையத்துக்கு அடங்காது. கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. அவற்றைத் தண்ணீர் பாட்டில் மூடிகளில் எழுதி, முட்டை அட்டைக் குழிகளில் இனம் பிரித்துப் போடவைக்கலாம் என்று யோசனை. ‘கு’ குழியில் டு, மு, ரு, ழு, ளு. ‘சு’ குழியில் ஙு, பு, யு, வு. மீதி ஏழும் ‘து’ குழிக்கு. மூடிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன். மூன்று வயதுக்கு உட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. சாதாரண பாட்டில் மூடி அதற்குள் போய்விடும், அதாவது தொண்டையில் சிக்கும் அளவு. வீட்டில் தம்பி தங்கை இருப்பார்கள்.

அதற்கு முன் இகர, ஈகாரத்தை முடிக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பாட்டிலிலிருந்து வெட்டிய வளையத்தில் கொக்கியை வரைந்து நடு எழுத்தின்மேல் நகர்த்துவதாகத் திட்டம். புள்ளி வைத்துப் பார்த்தேன், பதினெட்டு மெய்க்கும் அழகாகப் பொருந்துகிறது. கொக்கிதான் ‘ட’வில் இடிக்கிறது. மற்ற எழுத்துகளில் மேலே தொற்றும் கொக்கி, ‘டி’யில் அடிக்கோட்டின் நுனியிலிருந்து கிளம்புகிறது. டகரத்துக்கு மட்டும் தனி வளையம் வெட்டவேண்டியதுதான். வரி வரியாகப் பள்ளம் இல்லாத, நேர்ச்சுவர் பாட்டில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.