லேப் வேலை உனக்கு ஒத்து வருமா?

அக்கா மகள் எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டாள். போன ஞாயிறு பட்டர்வொர்த் வீட்டில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டே, "சித்தி, நானும் மெடிக்கல் லேப் படிக்கலாமா?" என்றாள்.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அது பழகிவிடும். நான் கேட்டது வேறு: ஒரு எண் மனசை உறுத்தினால், யாரும் சொல்லாமலே திரும்பிப் பார்ப்பாயா?

லேபில் ஒரு நைட் ஷிஃப்டில், ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 8-க்கு மேல் வந்தது. இதயத்துக்கே ஆபத்தான அளவு. கால்சியமோ மிகக் கீழே. இரண்டும் சேர்ந்து வந்ததால் சந்தேகப்பட்டேன். ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இடிடிஏ என்ற மருந்து ஒரு பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. அந்தக் குழாயின் ரத்தம் எப்படியோ இதில் கலந்திருக்க வேண்டும். வார்டுக்கு போன் செய்து புது ரத்தம் கேட்டேன். பொட்டாசியம் 4.2 வந்தது; சரியான அளவு. தேவையில்லாத சிகிச்சை ஒன்று நின்றது. அந்த நோயாளியின் முகம் எனக்குத் தெரியாது. நன்றி சொல்ல யாரும் வரமாட்டார்கள்; அது உனக்குக் குறையாகத் தோன்றினால் நர்சிங் பற்றி யோசி என்றேன்.

அப்புறம், துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டத்தில் நம் தொழிலும் வருகிறது. அதனால் எங்கே சேர்ந்தாலும் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் பார்க்கச் சொன்னேன்.

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "கலந்தது எப்படி என்று கண்டுபிடித்தீர்களா சித்தி?" என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது.