தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் ஃபர்னஸைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிக் குடியேறும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, அறையின் வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரையும் ஏசியையும் இயக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை நாமே மாட்டிக்கொள்ளலாமா, ஆள் கூப்பிட வேண்டுமா என்பதுதான். பெரும்பாலான வீடுகளில் நாமே மாட்டலாம். ஆனால் அந்த வேலையின் முக்கியமான பகுதி சுவரில் இல்லை, பேஸ்மென்ட்டில் நின்று வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குள் இருக்கிறது. ஒஹாயோவில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1970களில் கட்டப்பட்டது. எரிவாயு ஃபர்னஸும், வெளியே ஏசிக்கான ஒரு கம்ப்ரசர் யூனிட்டும் கொண்ட சாதாரண அமைப்பு. அதில் செய்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

பழைய தெர்மோஸ்டாட் என்பது வெறும் சுவிட்ச். ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 24 வோல்ட் ஏசியாகக் குறைத்து, 'ஆர்' என்ற வயர் வழியாகச் சுவருக்கு அனுப்புகிறது. குளிர் கூடினால் தெர்மோஸ்டாட் அந்த 'ஆர்' வயரை 'டபிள்யூ' வயரோடு இணைக்கிறது. ஃபர்னஸ் எரியத் தொடங்குகிறது. வெயில் கூடினால் 'ஒய்' வயரோடு இணைக்க, வெளியே கம்ப்ரசர் ஓடுகிறது. 'ஜி' காற்றை வீட்டுக்குள் தள்ளும் காற்றாடிக்கானது. இதற்கு நான்கு வயர்கள் போதும் என்பதால், அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் பலர் ஐந்தாவது வயரை இணைக்கவே இல்லை. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கோ திரையும் வைஃபையும் ஓய்வின்றி இயங்க மின்சாரம் வேண்டும். அது டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிச் செல்லும் வழிதான் 'சி' வயர்.

'சி' இல்லாமலும் இயங்கும் என்று விற்கப்படும் தெர்மோஸ்டாட்கள் 'ஒய்' அல்லது 'டபிள்யூ' சுற்று வழியாக, கம்ப்ரசரையோ ஃபர்னஸையோ கிளப்பிவிடாத அளவுக்குச் சிறிய மின்னோட்டத்தை ஓடவிட்டுத் தங்கள் பாட்டரியை நிரப்பிக்கொள்கின்றன. பல வீடுகளில் இது தொல்லையின்றி நடக்கிறது. ஃபர்னஸை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டுகளில் சிலவற்றுக்கு அந்தச் சிறு மின்னோட்டமே உத்தரவாகத் தெரிந்துவிடும். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும், அல்லது பாட்டரி மெல்ல வற்றி வைஃபை அறுந்துபோகும். இணைக்க ஒரு வயர் இருக்கும்போது இந்த வித்தையை நம்பியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எதையும் தொடுவதற்கு முன், பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மெல்லிய வண்ண வயர்கள் சிறு ஸ்க்ரூக்களில் மாட்டியிருந்தால் அது 24 வோல்ட் அமைப்பு. தடித்த வயர்கள் பிளாஸ்டிக் தொப்பிகளால் முறுக்கப்பட்டு, 120 அல்லது 240 வோல்ட் என்ற எழுத்தும் தெரிந்தால், அது சுவரோர மின்சார ஹீட்டர்களை நேரடியாக இயக்கும் வகை. வழக்கமான ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை அதில் மாட்டவே கூடாது.

அடுத்து பிரேக்கர் பெட்டி. ஃபர்னஸுக்கு ஒரு பிரேக்கர், வெளி யூனிட்டுக்கு இன்னொன்று, இரண்டையும் அணைத்துவிடுங்கள். 24 வோல்ட் உடம்புக்குப் பெரிய ஆபத்தில்லை என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் இருக்கும்போது 'ஆர்' வயர் 'சி' வயரைத் தொட்டுவிட்டால் போர்டிலுள்ள ஃபியூஸ் போய்விடும். அது பெரும்பாலும் கார்களில் இருக்கும் அதே தட்டை ஃபியூஸ், 3 அல்லது 5 ஆம்பியர். ஃபியூஸ் இல்லாத பழைய அமைப்பாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே போகும்.

வயர்களைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து, எந்த எழுத்தில் எந்த வயர் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். வண்ணத்தை நம்ப வேண்டாம். சிவப்பு 'ஆர்', வெள்ளை 'டபிள்யூ', மஞ்சள் 'ஒய்', பச்சை 'ஜி', நீலம் 'சி' என்பது வழக்கமே தவிர விதியல்ல. கையில் கிடைத்த வயரை வைத்து வேலையை முடித்துப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வயர் மாட்டியிருக்கும் எழுத்துதான் கணக்கு. அந்த எழுத்தையும் ஃபர்னஸ் போர்டில் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் நல்லது.

ஃபர்னஸின் கீழ்க்கதவைக் கழற்றியதும் ஓரத்தில் ஒரு பொத்தான் சுவிட்ச் இருக்கும். கதவு மூடி அதை அழுத்தினால்தான் ஃபர்னஸுக்கு மின்சாரம் வரும். உள்ளே போர்டில் வரிசையாக எழுத்துகள் பொறித்த ஸ்க்ரூக்கள் உள்ளன. எங்கள் வீட்டில் 'ஒய்', 'சி' இரண்டிலும் ஏற்கெனவே ஒரு வயர் மாட்டியிருந்தது. 'சி'யில்தான் வயர் இருக்கிறதே என்று அங்கே திருப்தியடைந்துவிடக் கூடாது. அந்த ஜோடி வெளி யூனிட்டுக்குப் போகும் தனி கேபிள், சுவருக்குப் போவதல்ல. சுவரிலிருந்து இறங்கும் பழுப்பு நிறக் கேபிளைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், நான்கு வயர்கள் போர்டுக்குப் போக, ஐந்தாவதான நீல வயர் வெட்டப்படாமல் கேபிளின் மேலேயே இறுக்கமாகச் சுற்றிக் கிடந்தது. அதைப் பிரித்து, முனையில் ஒரு சென்டிமீட்டர் உறையைச் சீவி, 'சி' ஸ்க்ரூவில் இருந்த வயரோடு சேர்த்து மாட்டினேன். மேலே சுவரிலும் அதே நீல வயர் துளைக்குள் மடங்கிக் கிடந்தது. கதவை மூடி, பிரேக்கரைப் போட்டு, சுவரில் 'ஆர்', 'சி' இடையே மல்டிமீட்டரை வைத்தபோது 26 வோல்ட் காட்டியது. 24க்கும் 28க்கும் இடையில் இருந்தால் போதும். மறுபடி பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் புதியதை மாட்ட வேண்டும்.

உபரி வயரே இல்லாத வீடுகளில் 18 கேஜ் கேபிளைப் புதிதாக இழுப்பதே சிறந்தது. ஆணியடித்துப் பிடிக்காத கேபிளாக இருந்தால், பழையதன் வாலில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம். முடியாவிட்டால், ஈக்கோபீ போன்ற சில நிறுவனங்கள் பெட்டியிலேயே தரும் சிறு அடாப்டரை ஃபர்னஸ் பக்கத்தில் பொருத்தி நான்கு வயரிலேயே சமாளிக்கலாம். 'ஜி' வயரை 'சி'யாக மாற்றிக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் காற்றாடியைத் தனியாக ஓட்ட முடியாது, ஏசி ஓடும்போது அதுவும் சேர்ந்து ஓடப் போர்டில் 'ஒய்', 'ஜி' இரண்டையும் இணைத்தாக வேண்டும். எனக்கு அது கடைசி வழி.

ஒரே கருவி குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப் உள்ள வீடுகளில் 'ஓ/பி' என்ற வயர் கூடுதலாக வரும். குளிர்விப்பதா சூடாக்குவதா என்று திசை மாற்றும் வால்வுக்கானது அது. பெரும்பாலான நிறுவனங்களின் யூனிட்களில் குளிர்விக்கும்போது அந்த வால்வுக்கு மின்சாரம் போகும். ரீம், ரூட் யூனிட்களில் சூடாக்கும்போது போகும். சூடு கேட்டுக் குளிர்காற்று வந்தால் வயரைத் தொட வேண்டியதில்லை, அமைப்புத் திரையில் அந்த ஒரு தேர்வை மாற்றினால் போதும். ஆனால் சில பழைய யூனிட்களில் 'பி' என்ற எழுத்தே 'சி' வயரைக் குறிக்கும் என்பதால், இங்கேயும் போர்டைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. பாய்லர் ஒருபுறம், ஏசி தனியாக இன்னொருபுறம் என்று இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் உள்ள வீட்டில் சூடாக்கும் பக்கத்து 'ஆர்' ஆன 'ஆர்எச்', குளிர்விக்கும் பக்கத்து 'ஆர்' ஆன 'ஆர்சி' வயர்களை ஒன்றாக இணைத்துவிடவே கூடாது. அந்த வகை வீடு என்றால் ஆளைக் கூப்பிடுங்கள் என்பதே என் பதில்.

புதியதை மாட்டும் முன் வயர் வரும் துளையைப் புட்டி வைத்து அடைத்துவிடுங்கள். சுவரின் உட்புறக் குளிர்காற்று நேராக உணரியில் பட்டால் அறையின் வெப்பநிலையைத் தவறாகவே காட்டும். பழையதில் வெள்ளிநிறத் திரவம் ஆடும் கண்ணாடிக் குமிழ் இருந்தால் அது பாதரசம், குப்பையில் போடாமல் மறுசுழற்சி மையத்தில் கொடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும்போது ஏசி உடனே கிளம்பாவிட்டால் பதற வேண்டாம். கம்ப்ரசரைக் காக்க ஐந்து நிமிடம் வரை தெர்மோஸ்டாட்டே காத்திருக்க வைக்கும். குளிர்காலத்தில் மாட்டுகிறவர்கள் ஃபர்னஸை மட்டும் சோதித்துவிட்டு, வெளியே 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வரை ஏசி சோதனையைத் தள்ளிப்போடுவது நல்லது. நாங்கள் ஜனவரியில் மாட்டியதால், 'ஒய்' வயர் சரியாகத்தான் இருக்கிறது என்பது மே மாதம்தான் தெரிந்தது.